குற்றவியல் நீதியும் உளவியலும் சேர்த்துப் படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் கிரிமினல் ஜஸ்டிஸ், சைக்காலஜி இரண்டையும் ஒன்றாகப் படிக்க நினைக்கும் மாணவர்களும், அவர்களைவிட அதிகமாகக் கவலைப்படும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் இவை. என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவரில் இரண்டு சான்றிதழ் மாட்டலாம் என்பதற்காக மட்டும் இதை எடுத்தால் பணமும் நேரமும்தான் போகும். இரண்டு துறையும் உரசிக்கொள்ளும் இடத்தில் இருக்கும் பாடங்களைத் தேடிப் படிப்பவருக்கு இதைப் போல வேறு படிப்பு இல்லை.

டூயல் டிகிரி, டபுள் மேஜர், மைனர்: என்ன வித்தியாசம்?

அமெரிக்காவில் இளங்கலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட் (படிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் கிடைக்கும் அளவுப் புள்ளி) வேண்டும். டபுள் மேஜர் என்றால் அந்த ஒரே பட்டத்துக்குள் இரண்டு முதன்மைப் பாடங்கள். கையில் கிடைப்பது ஒரு பட்டம். டூயல் டிகிரி என்றால் இரண்டு தனித்தனிப் பட்டங்கள். அதற்குப் பல பல்கலைக்கழகங்கள் கூடுதலாக 30 கிரெடிட், ஆக 150 கேட்கின்றன. மைனர் என்பது ஐந்தாறு பாடங்களோடு முடிந்துவிடும் துணைப்பாடம்.

ஒவ்வொரு கல்லூரியும் இந்தச் சொற்களைத் தன் போக்கில் பயன்படுத்துகிறது. ஒரு பாடம் பி.ஏ.வாகவும் மற்றது பி.எஸ்.ஸாகவும் இருந்தால்தான் டூயல் டிகிரி என்று சொல்லும் இடங்கள் உண்டு. இளங்கலையும் முதுகலையும் ஐந்தே ஆண்டில் முடிக்கும் திட்டத்துக்கும் அதே பெயரை வைக்கும் இடங்கள் உண்டு. விளம்பரத் தாளை நம்பாமல் கல்லூரியின் கேட்டலாக்கைத் திறந்து, எந்தப் பாடத்தை இரண்டு பக்கமும் கணக்கில் சேர்ப்பார்கள் என்று பாருங்கள். புள்ளியியலும் ஆராய்ச்சி முறையியலும் இரண்டு துறைக்கும் கட்டாயம். அவற்றை ஒரு தடவை படித்தால் போதுமா, இரண்டு தடவையா என்பதிலேயே ஒரு செமஸ்டர் கூடலாம், குறையலாம்.

இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே?

இல்லை. கிரிமினல் ஜஸ்டிஸ் அமைப்பைப் பற்றிய படிப்பு: காவல்துறை யாரை நிறுத்துகிறது, அரசு வழக்கறிஞர் எந்தக் குற்றச்சாட்டைப் பதிகிறார், ஜாமீன் எப்படித் தீர்மானமாகிறது, தண்டனை, சிறை, பரோல். உளவியல் ஆளைப் பற்றியது: நினைவு, முடிவெடுத்தல், வளர்ச்சி, கோளாறு. குற்றம் ஏன் நடக்கிறது என்று கேட்கும் கிரிமினாலஜி மூன்றாவது. அதன் வேர் பெரும்பாலும் சமூகவியலில் இருக்கிறது.

இரண்டு துறைக்கும் ஆரம்பத்தில் ஒத்தே போகவில்லை. 1908இல் ஹார்வர்டு உளவியலாளர் ஹூகோ முன்ஸ்டர்பெர்க், சாட்சிகளின் நினைவை நீதிமன்றங்கள் கண்மூடித்தனமாக நம்புகின்றன, எங்களைக் கேட்கவே மாட்டேன் என்கின்றன என்று ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டே சாட்சியச் சட்ட அறிஞர் ஜான் விக்மோர், முன்ஸ்டர்பெர்க் மீது அவதூறு வழக்கு நடப்பது போல ஒரு கற்பனை விசாரணையை எழுதி அவரைக் கிழிகிழி என்று கிழித்தார். விக்மோரின் கேள்வி எளிமையானது: இவ்வளவு சொல்கிறீர்களே, ஆதாரம் எங்கே? அன்றைக்கு அது நியாயமான கேள்விதான். உளவியலிடம் அதற்குப் பதில் சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

சேர்த்துப் படிப்பதால் அப்படி என்ன கிடைக்கிறது?

கண்ணால் கண்ட சாட்சியை எடுத்துக்கொள்வோம். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டிவிட்டு, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். ஒரு குழுவிடம் கார்கள் 'தொட்டுக்கொண்டபோது' என்றும் இன்னொரு குழுவிடம் 'நொறுங்க மோதியபோது' என்றும் வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். முதல் குழு சொன்ன சராசரி வேகம் மணிக்கு சுமார் 32 மைல். இரண்டாவது குழு சொன்னது சுமார் 41. இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி எதுவும் உடையவில்லை. கடுமையான சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். சாதாரணமாக 'மோதிய' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்.

உளவியல் வகுப்பு இதோடு நிற்கும். கிரிமினல் ஜஸ்டிஸ் வகுப்பில் அடையாள அணிவகுப்பை யார் நடத்துகிறார், படங்களை எப்படிக் காட்டுகிறார், அறிக்கையில் என்ன எழுதுகிறார் என்ற நடைமுறை வரும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத்தான் அடுத்த கேள்வி தோன்றும்: அணிவகுப்பு நடத்தும் அதிகாரிக்குச் சந்தேக நபர் யார் என்று தெரிந்திருந்தால், தன்னையறியாமலே சாட்சிக்குக் குறிப்புக் கொடுத்துவிட மாட்டாரா? அதனால்தான் கேரி வெல்ஸ் போன்ற ஆய்வாளர்கள், விஷயம் தெரியாத அதிகாரியே அணிவகுப்பை நடத்த வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். நியூ ஜெர்சி 2001இல் அதை மாநிலம் முழுவதற்குமான வழிகாட்டுதலாக்கியது. தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்காகப் போராடும், 1992இல் தொடங்கிய இன்னொசென்ஸ் பிராஜெக்ட் என்ற அமைப்பு தொகுத்த விவரத்தின்படி, டி.என்.ஏ. சோதனையால் நிரபராதி என்று விடுதலையானவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோரின் வழக்கில் யாரோ ஒரு சாட்சி ஆளை மாற்றி அடையாளம் காட்டியிருக்கிறார். பெரும்பாலும் அவர்கள் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார்கள்.

விசாரணை அறையும் இப்படித்தான். அதே விடுதலைகளில் கால்வாசிக்கு மேல் பொய்யான வாக்குமூலம் இருந்தது. செய்யாத குற்றத்தை ஒருவர் ஏன் ஒப்புக்கொள்கிறார் என்பது உளவியலின் கேள்வி. விசாரிப்பவர் பொய் சொல்லலாமா என்பது சட்டத்தின் கேள்வி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969இல் ஃப்ரேசியர் எதிர் கப் வழக்கில் அதற்கு இடம் கொடுத்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் அப்படிப் பொய் சொல்லி விசாரிப்பதைத் தடுத்த முதல் மாநிலம் இல்லினாய். அந்தச் சட்டம் 2021இல்தான் வந்தது. பதின்ம வயது மூளை எப்படி முடிவெடுக்கிறது என்ற ஆய்வுகளும் போலீஸ் கையேடும் ஒரே மேசையில் விரிக்கப்பட்டதால் பிறந்த சட்டம் என்று சொல்லலாம். இந்த மாதிரி இடங்களுக்காகத்தான் இந்தப் படிப்பு.

எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்கச் சொல்லித் தருவார்களா?

கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லித் தருவார்கள். சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் 2006இல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனிதர்கள் பொய்யையும் உண்மையையும் சரியாகப் பிரித்தது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். போலீஸ்காரர்களும் மற்றவர்களைவிடப் பெரிதாகத் தேறவில்லை. கண்ணைப் பார்க்கவில்லை, காலை ஆட்டுகிறார் என்பதையெல்லாம் வைத்து முடிவுக்கு வருபவரைப் பார்த்தால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்.பி.ஐ. புரொஃபைலர் ஆக இதுதானே வழி?

குற்றத்தை வைத்தே குற்றவாளியின் குணத்தைக் கணிப்பவரைத்தான் புரொஃபைலர் என்கிறார்கள். தொலைக்காட்சித் தொடர் பார்த்துவிட்டு வரும் கேள்வி. கேட்பதில் தவறில்லை. ஆனால் எஃப்.பி.ஐ.யில் 'புரொஃபைலர்' என்ற பெயரில் வேலையே இல்லை. நடத்தைப் பகுப்பாய்வுப் பிரிவில் அந்த வேலையைச் செய்பவர்கள், பல ஆண்டுகள் சாதாரண வழக்குகளில் சிறப்பு முகவர்களாக உழைத்துவிட்டு அங்கே போனவர்கள். சிறப்பு முகவர் ஆக அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். வயது 23க்கும் 36க்கும் இடையில் இருக்க வேண்டும். ஒரு பட்டமும், பொதுவாக இரண்டு ஆண்டு முழுநேர வேலை அனுபவமும் வேண்டும். பட்டம் எந்தத் துறையாகவும் இருக்கலாம். கணக்கியலும் கணினியும் படித்தவர்களையும் அவர்கள் ஆர்வமாகவே தேடுகிறார்கள்.

குற்றம் நடந்த இடத்தைப் பார்த்து ஆளின் குணத்தைக் கணிப்பது எந்த அளவுக்குப் பலிக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. நல்ல ஆசிரியர் முதல் வாரத்திலேயே இதைப் போட்டு உடைத்துவிடுவார்.

பட்டம் முடித்ததும் ஃபாரன்சிக் சைக்காலஜிஸ்ட் ஆகிவிடலாமா?

நீதிமன்ற வழக்குகளுக்காக ஆட்களின் மனநிலையைப் பரிசோதிக்கும் உளவியலாளர்தான் ஃபாரன்சிக் சைக்காலஜிஸ்ட். பட்டம் முடித்ததும் அப்படி ஆக முடியாது. இதைத் தெரியாமல் சேர்ந்து நான்காம் ஆண்டில் அதிர்ச்சி அடைபவர்கள் நிறைய. சைக்காலஜிஸ்ட் என்ற பெயரில் உரிமம் பெற்றுத் தனியே தொழில் செய்ய, ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் முனைவர் பட்டம் வேண்டும்: பிஎச்.டி. அல்லது சிகிச்சைப் பயிற்சிக்கு முதலிடம் தரும் சை.டி. இளங்கலைக்குப் பிறகு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள், அதில் ஓராண்டு இன்டர்ன்ஷிப், பல மாநிலங்களில் அதற்குப் பிறகும் மேற்பார்வையில் வேலை, பின்பு இ.பி.பி.பி. என்ற உரிமத் தேர்வு. ஃபாரன்சிக் சைக்காலஜியை அமெரிக்க உளவியல் சங்கம் தனிச் சிறப்புத்துறையாக ஏற்றதே 2001இல்தான்.

நடுவில் ஃபாரன்சிக் சைக்காலஜியில் எம்.ஏ. என்று ஒன்று இருக்கிறது. அது பயனுள்ளதுதான், ஆனால் அதை மட்டும் வைத்து நீதிமன்றத்துக்காக ஒருவரைத் தனியாகப் பரிசோதித்து அறிக்கை கொடுக்கும் உரிமம் பெரும்பாலும் கிடைக்காது. கவுன்சலர் உரிமத்துக்குத் தேவையான பாடங்களையும் களப்பயிற்சியையும் அந்த எம்.ஏ. உள்ளடக்கியதா என்று பார்த்துச் சேர்ந்தால் சிகிச்சைப் பக்கம் ஒரு கதவு திறக்கும்.

முனைவர் படிப்புக்கு இடம் தருபவர்கள் இரண்டு பட்டங்களைப் பார்த்து அசந்து போக மாட்டார்கள். யாருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தீர்கள், தரவை எப்படிக் கையாண்டீர்கள், பரிந்துரைக் கடிதம் எழுதுபவருக்கு உங்களை எவ்வளவு தெரியும் என்றுதான் பார்ப்பார்கள். 150 கிரெடிட்டைத் துரத்துவதில் ஆய்வுக்கூடத்துக்கு நேரம் இல்லாமல் போனால், இரண்டாவது பட்டமே முதல் கனவுக்குக் குறுக்கே நிற்கும்.

அப்படியானால் இவர்கள் மருந்து எழுதிக்கொடுப்பார்களா?

மருந்து எழுதுபவர் சைக்கியாட்ரிஸ்ட். அவர் மருத்துவக் கல்லூரியில் படித்தவர், அது வேறு பாதை. ஒரு சில மாநிலங்கள் மட்டும் கூடுதல் பயிற்சி பெற்ற சைக்காலஜிஸ்டுகளுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கின்றன.

இளங்கலையோடு நிறுத்தினால் என்ன வேலை கிடைக்கும்?

இந்தச் சேர்க்கை நேரடியாகப் பொருந்தும் வேலை புரொபேஷன் ஆபிசர், அதாவது சிறைக்கு வெளியே இருக்கும் குற்றவாளிகளை நீதிமன்றத்தின் சார்பில் கண்காணிப்பவர். ஃபெடரல் நீதிமன்றங்களில் இந்த அதிகாரிகள் தண்டனைக்கு முந்தைய அறிக்கையை எழுதுகிறார்கள்: குற்றவாளியின் குடும்பம், படிப்பு, உடல்நலம், மனநலம், போதைப் பழக்கம், பழைய வழக்குகள், சட்டப்படி வரும் தண்டனைக் கணக்கு, எல்லாம் ஒரே ஆவணத்தில். நீதிபதி தண்டனை விதிக்கும் முன் படிப்பது அதைத்தான். கிரிமினல் ஜஸ்டிஸ், உளவியல், சமூகவியல் எதில் இளங்கலை இருந்தாலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் முதல் நியமனத்தின்போது 37 வயதைத் தொட்டிருக்கக் கூடாது. மாநில, கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அளவிலும் இதே வேலை உண்டு. அங்கே விதிகள் இடத்துக்கு இடம் மாறும்.

பாதிக்கப்பட்டோருக்குத் துணை நிற்கும் விக்டிம் அட்வகேட், சிறார் நீதிமன்றத்தின் கேஸ் மேனேஜர், ஜாமீன் கட்டத்தில் ஆளை மதிப்பிடும் பிரிட்ரையல் அலுவலர், சிறைக்குள் மறுவாழ்வுத் திட்டங்களை நடத்துபவர் என்று பட்டியல் நீளும். சம்பளம் கணினித் துறையோடு ஒப்பிடும்படி இருக்காது. பெற்றோர் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பலருக்குத் தெரியாத ஒரு வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும்: மிட்டிகேஷன் ஸ்பெஷலிஸ்ட். மரண தண்டனை வரக்கூடிய வழக்கில் பிரதிவாதி தரப்புக் குழுவில் இவர் இருப்பார். குற்றம் சாட்டப்பட்டவரின் வாழ்க்கை முழுவதையும் தோண்டி எடுப்பது இவர் வேலை. பிறந்தபோது எழுதிய மருத்துவக் குறிப்பு, பள்ளிப் பதிவேடு, தாத்தா பாட்டி காலத்து வன்முறை, தலையில் பட்ட அடி, எதையும் விட மாட்டார். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் 2003ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இப்படி ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும் என்கிறது. அதே ஆண்டு விகின்ஸ் எதிர் ஸ்மித் வழக்கில், கட்சிக்காரரின் கொடூரமான இளமைக் காலத்தைச் சரியாக விசாரிக்காமல் விட்ட வழக்கறிஞர்கள் கடமை தவறினார்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்த வேலையில் இருப்பவர்களில் சமூகப்பணியில் முதுகலை படித்தவர்கள் அதிகம். இருந்தாலும் உதவியாளராக உள்ளே நுழைந்து கற்றுக்கொள்ள உங்கள் படிப்பு நல்ல அடித்தளம்.

எனக்குக் கணக்கு வராது. அதனால்தான் உளவியல் பக்கம் வருகிறேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று ஆறுதலுக்குச் சொல்லலாம். ஆனால் இந்தப் படிப்பில் மிக மதிப்பான பாடமே புள்ளியியல்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு. விடுதலையாகும் 1,000 பேரில் 20 பேர் மீண்டும் கடுமையான வன்முறையில் இறங்குவார்கள் என்று வைத்துக்கொள்வோம். 'ஆபத்தானவர்' யார் என்று சொல்லும் ஒரு கருவி இருக்கிறது. உண்மையில் ஆபத்தானவர்களில் 90 சதவீதம் பேரைப் பிடித்துவிடும்; ஆபத்தில்லாதவர்களில் 10 சதவீதம் பேரை மட்டும் தவறாகக் காட்டும். கேட்க அருமையாக இருக்கிறது. இப்போது எண்ணிப் பாருங்கள். 20 பேரில் 18 பேர் பிடிபடுவார்கள். மிச்சமுள்ள 980 பேரில் 98 பேர் தவறாக மாட்டுவார்கள். ஆக, ஆபத்தானவர் என்று முத்திரை விழுந்த 116 பேரில் 98 பேர் எதுவும் செய்யப் போவதில்லை. அந்த 98 பேரின் பரோல் என்ன ஆகும்?

இது வகுப்பறைப் புதிர் மட்டும் கிடையாது. காம்பாஸ் என்ற இடர் மதிப்பீட்டு மென்பொருளைப் பற்றி 2016இல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது: மீண்டும் குற்றம் செய்யாத கறுப்பினத்தவர்களை, மீண்டும் குற்றம் செய்யாத வெள்ளையர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக 'இடர் மிக்கவர்' என்று அது காட்டியது என்பது குற்றச்சாட்டு. ஒரே மதிப்பெண் பெற்றவர்கள் எந்த இனமானாலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் மீண்டும் குற்றம் செய்கிறார்கள், ஆகவே கருவி நியாயமானது என்று அதை உருவாக்கிய நிறுவனம் பதில் சொன்னது. இரண்டு தரப்பும் சொன்ன எண்கள் ஒரே சமயத்தில் சரியாக இருக்க முடியும். எப்படி என்று விளங்கிக்கொள்ளத்தான் புள்ளியியல். அதே ஆண்டு விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம், எச்சரிக்கைக் குறிப்புகளோடு அந்த மதிப்பெண்ணைத் தண்டனையின்போது பார்க்கலாம் என்று லூமிஸ் வழக்கில் அனுமதித்தது. நாளை உங்கள் மேசைக்கும் அப்படி ஒரு மதிப்பெண் வரும்.

பைத்தியம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்களே, அதையெல்லாம் படிப்போமா?

படிப்பீர்கள். வெளியே நினைப்பது போல அது சுலபமான தப்பிப்பு இல்லை என்பதையும் சேர்த்துப் படிப்பீர்கள். கடுங்குற்ற வழக்குகளில் அந்த வாதத்தை எழுப்புவதே சுமார் நூற்றில் ஒன்று. எழுப்பியவர்களிலும் பெரும்பாலோர் தோற்கிறார்கள். ஜெயித்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. மனநல மருத்துவமனையில் எத்தனை ஆண்டு என்று முன்கூட்டித் தெரியாமல் இருக்க வேண்டி வரலாம்.

இதில் இரண்டு கேள்விகள் எப்போதும் குழம்பும். குற்றம் செய்த நேரத்தில் மனநிலை எப்படி இருந்தது என்பது ஒன்று. இதற்கான அளவுகோல் 1843இல் இங்கிலாந்தில் டேனியல் மெக்நாட்டன் வழக்கிலிருந்து வருகிறது. இன்று வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா, தன் வழக்கறிஞரோடு பேசி முடிவெடுக்க முடியுமா என்பது இன்னொன்று. இதற்கு 1960இன் டஸ்கி வழக்கு. அன்றாடம் நீதிமன்றம் கேட்பது பெரும்பாலும் இரண்டாவதை.

யாருக்காக வேலை செய்கிறோம் என்ற சிக்கலும் இங்கேதான் முளைக்கிறது. டெக்சாஸில் எர்னஸ்ட் ஸ்மித் என்பவரை, வழக்கை எதிர்கொள்ளும் தகுதி இருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஒரு சைக்கியாட்ரிஸ்ட் பேசிப் பார்த்தார். பிறகு அதே பேச்சை வைத்து, இவர் இனியும் ஆபத்தானவர் என்று தண்டனைக் கட்டத்தில் சாட்சி சொன்னார். மரண தண்டனை விழுந்தது. அப்படிப் பயன்படுத்தப்படலாம் என்று ஸ்மித்துக்கு யாரும் எச்சரிக்கவில்லை, அவருடைய வழக்கறிஞருக்கும் தகவல் இல்லை. 1981இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. சிகிச்சை அறையில் எதிரில் இருப்பவர் நோயாளி. இங்கே அவர் நோயாளி இல்லை, அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகிறது. வாயைத் திறக்கும் முன் அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

குற்றவாளிகளைத் திருத்த முடியும் என்று நம்பித்தானே இதையெல்லாம் படிக்க வேண்டும்?

நம்பிக்கை வேண்டும், ஆனால் அதுவே போதும் என்று இருந்தவர்களால் கெடுதல் நடந்திருக்கிறது. நியூ ஜெர்சியின் ராவே சிறையில் 1970களில், வழிதவறும் சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துப் போய் ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டும் திட்டம் பிரபலமானது. பார்த்தவர்கள் எல்லாரும் பலன் நிச்சயம் என்றார்கள். பின்னால் முறையான சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தால், மிரட்டப்பட்ட சிறுவர்கள் சும்மா விடப்பட்டவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருக்கிறார்கள்.

மறுபக்கம், 1974இல் ராபர்ட் மார்ட்டின்சன் எழுதிய கட்டுரையை 'எதுவுமே பலன் தராது' என்று படித்துக்கொண்டு பல சிறைகள் மறுவாழ்வுத் திட்டங்களைக் கைவிட்டன. கனடாவின் டான் ஆண்ட்ரூஸ், ஜேம்ஸ் போன்டா முதலானோர் 1990இல் முன்வைத்த கொள்கை இன்று பரவலாகப் பயன்படுகிறது: தீவிரச் சிகிச்சையை இடர் அதிகம் உள்ளவருக்குக் கொடு, குற்றத்தோடு தொடர்புள்ள தேவைகளைக் குறிவை, ஆள் கற்றுக்கொள்ளும் விதத்துக்கு ஏற்பச் சொல்லிக்கொடு. இடர் குறைவானவரைத் தீவிரத் திட்டத்தில் போட்டால் அவர் கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. நல்ல எண்ணத்தோடு எல்லாருக்கும் எல்லாம் கொடுப்பது ஏன் ஆபத்து என்பது இரண்டாம் ஆண்டுப் பாடம்.

சாதாரண போலீஸ் வேலைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு?

சேர்வதற்குத் தேவையில்லை. பல உள்ளூர்க் காவல்துறைகள் பள்ளிப் படிப்பு முடித்தவரையே எடுத்துக்கொள்கின்றன. வேலைக்குள் போன பிறகு பயன்படும். மெம்ஃபிஸில் 1987இல் மனநோய் உள்ள ஒருவரைப் போலீசார் சுட்டுக் கொன்ற பிறகு, 1988இல் அங்கே நெருக்கடித் தலையீட்டுக் குழு என்ற முறை பிறந்தது. தேர்ந்தெடுத்த காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி கொடுத்து, மனநல நெருக்கடி அழைப்புகளுக்கு அவர்களை அனுப்புவார்கள். இன்று நாடு முழுக்க இருக்கிறது. உங்களுக்கு 40 மணி நேரத்தில் சொல்லித் தருவதை நீங்கள் நான்கு ஆண்டு படித்துவிட்டு வந்திருப்பீர்கள்.

வழக்கறிஞர் ஆகும் எண்ணம் இருந்தால்?

சட்டக் கல்லூரிக்கு எந்தப் பட்டமும் போதும். மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வும்தான் முக்கியம், ஆகவே இரண்டு பட்டத்துக்காக மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். சட்டத்தையும் உளவியலில் முனைவர் பட்டத்தையும் சேர்த்தே தரும் திட்டங்களும் உண்டு. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் அது 1974 முதல் நடக்கிறது. இளமையில் பாதி போய்விடும், ஆர்வம் இருந்தால் போகட்டும்.

செலவும் காலமும் எவ்வளவு கூடும்?

கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பொதுவாக டபுள் மேஜரைத் திட்டமிட்டால் நான்கு ஆண்டில் முடிக்கலாம். 150 கிரெடிட் என்றால் ஐந்தாம் ஆண்டோ கோடை வகுப்புகளோ தேவைப்படும். பள்ளியிலேயே ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரத் தேர்வுகளில் சைக்காலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தால் சில கிரெடிட் மிச்சம்.

ஒரு கண்ணி இருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பத்து மாணவருக்கு அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத ஃபெடரல் பெல் கிரான்ட் உதவி வாழ்நாளில் 12 செமஸ்டருக்கு ஈடான அளவு வரைதான். அதுவும் முதல் இளங்கலைப் பட்டம் வாங்கும் வரைதான். இப்போது ஒன்றை முடித்துவிட்டுப் பிறகு வந்து மற்றதை எடுக்கலாம் என்று நினைத்தால் அந்த உதவி கிடைக்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்குவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

வெளிநாட்டு மாணவராக எஃப்-1 விசாவில் வந்து படிக்கலாமா?

படிக்கலாம். வேலை விஷயத்தில் கண்ணைத் திறந்துகொண்டு வாருங்கள். ஃபெடரல் சட்ட அமலாக்க வேலைகளுக்குக் குடியுரிமை தேவை. மாநிலக் காவல்துறைகளிலும் பெரும்பாலும் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ கேட்பார்கள். படிப்பு முடிந்ததும் படித்த துறையில் வேலை பார்க்க விடும் ஓ.பி.டி. அனுமதியில் 12 மாதம் வேலை பார்க்கலாம், ஆனால் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் அடங்கிய ஸ்டெம் துறைகளுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு கிரிமினல் ஜஸ்டிஸுக்குப் பொதுவாகக் கிடையாது. உளவியலில் ஆய்வு, சோதனை சார்ந்த சில பிரிவுகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. விசாவுக்காகக் கல்லூரி தரும் உங்கள் ஐ-20 படிவத்தில் எந்தத் துறைக்குறியீடு எழுதியிருக்கிறது என்பதுதான் இதைத் தீர்மானிக்கும். சேரும் முன்பே கேளுங்கள். ஆராய்ச்சிப் பாதையில் முனைவர் பட்டத்துக்குப் போகிறவருக்கு இந்தத் தடைகள் அவ்வளவு இடிக்காது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்ப்பது?

தரவரிசையை ஓரமாக வையுங்கள். இரண்டு துறை ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் பாடம் ஒன்றாவது இருக்கிறதா? உளவியலும் சட்டமும், சாட்சி நினைவு, சிறார் நீதி, சிறை மனநலம் என்று எதுவாகவும் இருக்கட்டும். அப்படி ஒன்றுமே இல்லாமல் இரண்டு துறையும் இரண்டு கட்டடத்தில் தனித்தனியே நடந்தால், ஒன்றை மேஜராகவும் மற்றதை மைனராகவும் எடுத்தாலே போதும். இளங்கலை மாணவரை ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொள்கிறார்களா, பப்ளிக் டிஃபென்டர் (வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் அரசு தரும் வழக்கறிஞர்) அலுவலகத்திலோ புரொபேஷன் அலுவலகத்திலோ இன்டர்ன்ஷிப்புக்கு ஏற்பாடு உண்டா என்றும் கேளுங்கள். இன்டர்ன்ஷிப்புக்குப் பின்னணிச் சோதனை உண்டு. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கஞ்சாப் பழக்கம் ஃபெடரல் விண்ணப்பத்தில் கேள்வியாகும். பதினெட்டு வயதில் யாரும் இதைச் சொல்லி வைப்பதில்லை.

தினமும் கொலை, வன்முறை என்று படித்தால் மனம் பாதிக்காதா?

முதல் இரண்டு ஆண்டில் அப்படி ஒன்றும் இல்லை. பாடப்புத்தகம் எதையும் மரத்துப்போக வைத்துவிடும். உண்மையான வழக்குக் கோப்பு கைக்கு வரும்போது கதை வேறு. குழந்தைகள் சம்பந்தப்பட்ட கோப்புகளைத் தாங்க முடியாமல் விலகியவர்கள் உண்டு, அதில் வெட்கப்பட எதுவுமில்லை. உங்களால் முடியுமா என்று தெரிந்துகொள்ள இரண்டாம் ஆண்டுக் கோடையிலேயே ஓர் இன்டர்ன்ஷிப் போய்விடுங்கள்.

நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் எல்லாம் போச்சா?

போகாது. மூன்றாம் ஆண்டு தொடங்குவதற்குள் முடிவெடுத்தால் சேதம் குறைவு. விட்ட துறையில் அதுவரை படித்தவை பெரும்பாலும் மைனருக்குப் போதுமானதாக இருக்கும். இல்லாவிட்டால் விருப்பப் பாடங்களாக 120க்குள் சேரும். ஆலோசகரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். மேஜரை மாற்றும் படிவத்தைக் கொடுத்து, பட்டத் தணிக்கை அறிக்கையைப் புதிதாக எடுத்து, எந்தெந்தப் பாடம் எங்கே விழுந்திருக்கிறது என்று ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள். உதவித்தொகை ஏதாவது குறிப்பிட்ட மேஜரோடு கட்டப்பட்டிருந்தால், படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே நிதியுதவி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.